தொட்டிலுக்கு அடியில் கறுப்புத் தாள்

தச்சருக்குத் தெருவே வைத்த பெயர் துருதுரு. உட்காரும்போதே எழுந்திருக்க வழி பார்க்கிற ஆள். சோற்றுத் தட்டோடு பட்டறைக்குப் போவார், தட்டை அங்கேயே மறந்துவிட்டு உளியோடு திரும்பி வருவார். அப்படிப்பட்டவர், எட்டு மாதக் கர்ப்பிணியான மகளுக்குச் செய்த மரத்தொட்டிலை மூன்று வாரமாக முடிக்காமல் இழுத்தடித்தார் என்றால் யாராவது நம்புவார்களா?

கேட்டால் பூச்சி என்பார். வண்டு துளைத்த பலகைதான்; அந்தக் கோடும் துளையும் அழகாக இருக்கிறதென்று மகளே ஆசைப்பட்டுக் கேட்டது. மரக்கடையின் சூட்டு அறையில் வைத்துப் பூச்சியைக் கொன்ற பிறகுதான் வாங்கி வந்தார். மிச்சம் இருந்தது சுத்தம் செய்கிற வேலை. துளைக்குள் தூள் தங்கினால் வார்னிஷ் அதோடு குழைந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். ஊசியால் கிளறினார், பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தார், சைக்கிள் பம்பால் ஊதினார். அப்படியும் சந்தேகம் தீராமல் அடியில் கறுப்புத் தாள் விரித்தார். அதில் தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

தினமும் விழுந்தது. தினமும் மறுபடி ஊசி.

"பிள்ளை படுக்கிற இடம். அப்படியே விட முடியுமா?" என்று அவர் பதறியதில் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் கதவோரம் நின்று கவனித்தாள். மனுஷன் நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து தொட்டிலைத் தட்டுகிறார், காதை வைத்துக் கேட்கிறார், போகிறார், திரும்பி வருகிறார். தட்டத் தட்டப் பழைய தூள் உதிர்கிறது. அட கடவுளே!

பட்டறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். நான்கு நாள் அவர் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தார். ஐந்தாம் நாள் திறந்தார்கள். தாளில் ஒரு பொட்டுத் தூள் இல்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"இன்னும் ஒரு வாரம் பாத்துடலாம்."

அவள் கத்தவில்லை. "போன தடவை அவ உண்டானப்போ தொட்டிலை அவசர அவசரமா முடிச்சு, துணிகூட விரிச்சு வச்சோம். பிள்ளை தங்கல. இதையும் முடிச்சா அப்படியே ஆயிடும்னு பயம். அதானே?"

துருதுரு அசையாமல் நின்றார். கண் நிறைந்துவிட்டது. "ஆமா," என்றார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றவள் வார்னிஷ் டப்பாவைத் திறந்து, பிரஷை முக்கி, பலகையில் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஐயையோ, குறுக்கால இழுக்காதே! மரத்தோட கோடு போற பக்கமா இழு!" என்று பிடுங்கிக்கொண்டார். அப்புறம் நிறுத்தவே இல்லை. மாலைக்குள் நான்கு பக்கமும் ஒரு பூச்சு முடிந்தது. கையைக்கூடத் துடைக்காமல் மகளுக்குப் போன் போட்டார்.

"வார்னிஷ் அடிச்சுட்டேம்மா."

அழுகையும் சிரிப்புமாக மகள் சொன்னாள்: "நீங்க முடிக்காமலே வச்சிருந்ததைப் பாத்து, இந்தப் பிள்ளையும் வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களோன்னு நினைச்சேம்ப்பா."