துயில்கிறார், அமைதி காக்க

2021 மே: தாம்பரத்தை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியரான என் மனைவிக்கு, மாதம் முழுவதும் கொரோனா வார்டில் இரவுப்பணி. விடுப்புகள் ரத்து. ‘செவிலியரும் உறக்கத்தின் தரமும்’ என்ற இணையவழிச் சொற்பொழிவை நிர்வாகம் நடத்தியது. நேரம் நண்பகல். வருகை கட்டாயம்.

2021 ஜூன்: அவள் அதே வார்டில், அதே நோயால் இறந்தாள்.

சொற்பொழிவை நானும் அருகிலிருந்து கேட்டேன். இரவெல்லாம் விழித்திருந்தவர்களை நண்பகலில் எழுப்பி உட்காரவைத்து, உறக்கத்தின் அருமையை எடுத்துரைக்கும் துணிவு எல்லா நிர்வாகங்களுக்கும் வாய்ப்பதில்லை. பேசிய மருத்துவர் நன்றாக உறங்கி எழுந்தவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. இருட்டறை, இளஞ்சூட்டில் பால், மனத்தில் அமைதி என்று அடுக்கியவர், வாசலில் ஓர் அறிவிப்பு வைக்கும்படி குடும்பத்தாரையும் கேட்டுக்கொண்டார். கேமராவை அணைக்கக் கூடாது என்பதால், என் மனைவி கன்னத்தில் கையூன்றிக் கவனிப்பவள்போல் உறங்கினாள்.

அறிவிப்பு தேவைதான். வீட்டிலிருக்கும் செவிலியர் சும்மா இருப்பவர் என்பது எங்கள் சேலையூர்த் தெருவின் கொள்கை. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டே வந்து மணியடிப்பார்கள். “அக்காக்கு இன்னிக்கு ஆஃப்தானே சார்? ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போகட்டுமே.”

நான் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். ‘தூங்குறாங்க, மணி அடிக்காதீங்க’ என்று எழுத என் படிப்பு இடம் தரவில்லை. வெள்ளை அட்டையில் கறுப்பு மையால், ‘இவ்வில்லத்துச் செவிலியர் துயில்கிறார். அமைதி காக்க’ என்று எழுதிக் கேட்டில் தொங்கவிட்டேன். சந்திப்பிழை இல்லை என்பதை இருமுறை சரிபார்த்தேன்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அதைப் படம் பிடித்து, கூப்பிய கைகள் மூன்றோடு குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வாசலில் எவரும் மணியடிக்கவில்லை. அறிவிப்பு அந்த அளவில் வெற்றி. ஆனால் கைப்பேசி ஓயவில்லை. மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் பிளீச்சிங் பவுடரோடு தெருவிலிருந்தே குரல் கொடுத்தார்: “சார், பாடி வூட்லயே கீதா, இல்ல ஆஸ்பத்திரில கீதா?”

அவள் எழுந்துவந்து என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கினாள். மறுமுனையில் வங்கி அதிகாரி விம்மிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, செத்தவதான் பேசறேன். சாயந்திரம் வரைக்கும் செத்தே கிடக்கறேன், வுடுங்க. ராத்திரி டூட்டி இருக்கு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “என்னங்க, உங்க தமிழ எடுத்து உள்ள வைங்க. நான் கொஞ்சம் தூங்கணும்.”

உறக்கம் வரவில்லை. மாலையில் முகம் கழுவிக்கொண்டு பணிக்குப் புறப்பட்டாள்.

உறக்கமின்மையால் அவள் இறந்தாள் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஜூனில் அதே குழுவில் நானே செய்தியை இட்டேன், எளிய தமிழில். முதல் பதில் வந்தது: “சார், இந்தத் தடவ கன்ஃபார்மா?”

இன்னும் செய்யாதவை:

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது.

படுக்கையறைச் சன்னலுக்குத் தடித்த திரை தைக்கக் கொடுப்பது.

பணிக்கு எழ அவள் வைத்த மாலை அலாரத்தை நிறுத்துவது.