கதவு ஊருக்கு, தாழ்ப்பாள் எங்களுக்கு

அந்தத் தாழ்ப்பாள் விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் கை நீளத்துக்கு ஒரு கனத்த இரும்புத் தாழ்ப்பாள். நீலம் பூசிய தகரக் கதவில் இருந்தது. ராயபுரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரே நடைக்குள் ஆறு குடித்தனம் இருந்த வீட்டின் பொதுக் கக்கூஸ் கதவு அது. கக்கூஸ் கதவைப் பற்றியெல்லாம் எழுதுவார்களா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கதவில்லாத கக்கூஸுக்குப் போனவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

நான் மருமகளாக அங்கே போனபோது கதவு கிடையாது. பழைய கதவு உப்புக்காற்றில் இற்று விழுந்து, அந்த இடத்தில் ஒரு கோணிப்பை தொங்கியது. உள்ளே இருப்பவர் இருமிக்கொண்டே இருக்க வேண்டும். இருமல் கேட்டால் வெளியே வருபவர் நின்றுவிடுவார். மற்ற பெண்களுக்கு அது பழகியிருந்தது. எனக்கு நாலு பேர் எதிரில் இருமவே கூச்சம். அதற்கு நான் கண்ட வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. விடிவதற்கு முன் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை, அவ்வளவுதான். சில மாதங்களில் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் விழுந்தேன். பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது என் மாமி, அதாவது என் கணவரின் தாயார். டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். வீட்டுக்கு வந்ததும் மாமி ஒரு சொம்பு தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் சொம்பையும் பார்க்கிறேன், வாசலில் ஆடும் கோணியையும் பார்க்கிறேன். மாமிக்குப் புரிந்துவிட்டது. "தண்ணி குடின்னா கதவ கேக்குது பொண்ணு" என்றார்.

கதவுக்குப் பணம் எங்கே? என் மாமனார் துறைமுகத்தில் சுமை சரிந்து இறந்தவர். அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டைச் சங்கத்து ஆள் ஒருவர் நல்ல எண்ணத்தில் மாமி பேரில் வங்கியில் வைப்பாகப் போட்டுவிட்டார். அசல் தொகை என் நாத்தனாரின் கல்யாணத்துக்கு என்று முடிவாகியிருந்தது. அதன்மேல் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் மார்க்கத்தில் வட்டி வாங்குவதும் ஹராம், கொடுப்பதும் ஹராம். மாமி அதைத் தொட்டதில்லை. என் கணவர் அப்போது கண்டெய்னர் லாரியில் கிளீனர். எண்ணூர் சாலையில் வண்டி வரிசையில் நின்றால் இரண்டு நாள் வீட்டுக்கு வர மாட்டார். அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, அரிசி, மருந்து எல்லாம். அதிலும் ஒரு பங்கை மாமி முதலில் எடுத்து, எங்களைவிட இல்லாதவர்களுக்கு என்று வைத்துவிடுவார். மாதக் கடைசியில் வெறும் ரசம்தான்.

அந்த வட்டியை எடுத்து ஒரு பழைய ஆட்டோவுக்கு முன்பணம் கட்டலாம் என்று என் கணவருக்கு ஆசை.

"ம்மா, அது அத்தா உசுர வுட்ட காசும்மா."

"உசுர வுட்டது அசலுக்குடா. வட்டிக்கு எவன் உசுர வுட்டான்?"

"சும்மா கெடந்து இன்னா ஆவப் போவுது? பேங்க்காரன் துன்னப் போறான்."

"அவன் துன்ன மாட்டான். நாமளும் துன்ன மாட்டோம். அதுக்கு வேற வயி கீது."

வழி இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்திருந்தார் மாமி. அப்படிப்பட்ட பணத்தைச் சாப்பிடக் கூடாது, உடுத்தக் கூடாது. நன்மை கிடைக்கும் என்று தருமமாகவும் கொடுக்கக் கூடாது. கையிலிருந்து அழுக்கைக் கழுவுவது போல ஊருக்குப் பொதுவான காரியத்தில் விட்டுவிடலாம். கக்கூஸ் கட்டக் கொடுப்பவர்கள் உண்டு. என் கணவர் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. மாமி வட்டியை எடுத்து, வண்ணாரப்பேட்டையில் கதவு செய்யச் சொல்லிவிட்டார்.

கதவு மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியதும் வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கேட்டுக் கேட்டும் ஒரு பலகை வாங்கிப் போடாத மனிதர். "ஆர கேட்டு கொண்டாந்த? இன்னிக்கு கதவு என்னுதும்பே, நாளிக்கு கக்கூஸே என்னுதும்பே" என்று கத்தினார்.

"கக்கூஸ வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன் நைனா? கபர்ல கூட எட்த்துகினு போவப் போறேனா? நகரு, ஆளு நிக்கிறான்."

ஆறு குடித்தனத்துப் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். ஓனர் அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு மாடி ஏறிவிட்டார்.

கதவு ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்து அறையில் காசிமேட்டு மீன் விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் வாய்க்கு ஊரே பயப்படும். "ஏ பாயம்மா, வட்டி காசு ஆவாதுன்ட்டு எங்க தலைல கட்டிட்டியா? நாங்க மட்டும் ஆவாத காசுல குந்தலாமா?" என்றார்.

"குந்தறதுக்குதான்டி அது லாயக்கு. சோத்துக்கு ஆவாது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "அப்ப நீ எங்க குந்துவ?"

மாமியின் முகம் மாறியது அப்போதுதான். இதை அவர் யோசிக்கவே இல்லை. அந்தக் கக்கூஸ் எங்களுக்கும்தானே. வட்டியை ஊருக்கு விட்டதாக நினைத்து, தன் வீட்டுக்கே ஒரு கதவு வாங்கிக்கொண்டிருக்கிறார்! அக்கா விளையாட்டாகச் சொன்னதை மாமி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் அவர் ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த கட்டணக் கழிப்பறைக்கு நடந்தார். மகனை, "நீ லாரி நிக்கிற யார்டுலயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். நாத்தனாரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். என்னை மட்டும் தடுத்தார். "நீ போ. நோயாளிக்கு மார்க்கம் வயி வுட்டுகீது." ஹஜ்ரத்தே வீட்டு வாசலில் வந்து நின்று, "பொது உபயோகம்தான்மா, இவ்வளவு யோசிக்க வேணாம்" என்றார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்க சொல்றது சரி ஹஜ்ரத். ஆனா உள்ள போயி குந்தறது நானாச்சே."

துணிக்கடைகளுக்குப் பாவாடை விளிம்பு மடித்துத் தைக்கும் வேலையை மாமி வாங்கிவந்தார். கண் சரியாகத் தெரியாது, நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். கதவில் எங்கள் குடும்பத்தின் பங்கு எவ்வளவோ அவ்வளவு சேர்ந்ததும், அந்தக் காசில் கடையில் இருந்ததிலேயே கனமான தாழ்ப்பாளை வாங்கி வந்தார். அதுவரை கதவைக் கயிறு போட்டுத்தான் கட்டிக்கொண்டிருந்தோம். ஆசாரி அதைப் பொருத்தியதும் மாமி என்னை அழைத்து, "கதவு ஊருக்கு, தாப்பா நமக்கு. போயி போட்டுப் பாரு" என்றார். உள்ளே போய்ப் போட்டேன். டக். மாமி கட்டணக் கழிப்பறைக்கு நடப்பதும் அத்தோடு நின்றது. அன்றைக்கு நான் எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று கணக்கே இல்லை.

மாமி போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது திருவொற்றியூரில் வாடகைக்கு இருக்கிறோம். ஆட்டோ வாங்கவே இல்லை. என் கணவர் லாரி ஓட்டியே ஓய்ந்தார். என் மகள் கணக்குப் படித்தவள். "வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தா இந்நேரம் சொந்த வீடும்மா. நன்னிமா ஒரு கதவுக்காக நம்மள முப்பது வருஷம் பின்னாடி தள்ளிட்டாங்க" என்று பாட்டியைக் குறை சொல்கிறாள். அவள் கணக்கு சரியாகத்தான் இருக்கும். எனக்கு எதிர்த்துப் பேச வராது, வாய் குழறும். அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் பின்தங்கித்தான் இருக்கிறோம். எதையும் தெரியாமல் விடவில்லை, தெரிந்தே விட்டோம். அதற்காக நான் யாரிடமும் தலைகுனியப் போவதில்லை.

போன மாதம் அந்த வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய இரும்பெல்லாம் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. நீலக் கதவு மேலேயே கிடந்தது, கீழ்ப்பாதி துருவில் கரைந்து போயிருந்தது. வண்டிக்காரரிடம் தாழ்ப்பாளைக் கேட்டேன்.

"எல்லாம் வெல பேசியாச்சிம்மா. இத்த வச்சி இன்னா பண்ணப் போற?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கதவ எட்த்துகினு போ. அதுல எனக்கு பங்கு இல்ல. தாப்பா எங்களுது. கயட்டிக் குடு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உளியை எடுத்தார்.

இப்போது இருக்கும் வீட்டுக் குளியலறைக் கதவில் ஆள் வைத்து அதைப் பொருத்தினேன். வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். "ஏற்கெனவே ஒண்ணு கீதே, இது எதுக்கு? கதவுல ஓட்ட போட ஆர கேட்ட?"

"காலி பண்ணும்போது ஓட்டைய அடைச்சிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் வெளியே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் இருமவில்லை. தாழ்ப்பாளைப் போட்டேன்.

டக்.