றஞ்சனியின் அண்ணத்துக்கு எடுத்த அச்சு

விமலேஸ்வரி இறப்பர்க் கிண்ணத்தில், வாய்க்கு அச்சு எடுக்கும் அல்ஜினேற் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் வைக்கும் தட்டில் வழிப்பதற்குள் அது கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணி சுடுது. சூட்டுக்கு இது உடன இறுகிப்போகும். ஆர் கொண்டு வந்தது?"

"நான்தான் பிள்ளை," என்றார் சூசையம்மா, என்னைக் காட்டி. "கொதிக்க வைக்காத தண்ணி கூடாது எண்டு இந்த நேர்ஸம்மாதானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறா."

"குடிக்கிறதுக்குச் சொன்னனான்," என்றேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, புதுக்குடியிருப்பில் ஓலைக் கொட்டிலில் நடந்த மருத்துவ நிலையம் அது. விமலேஸ்வரி கண்டாவளைக்காரி. யாழ்ப்பாணத்தில் பல் கட்டும் வேலை பழகி, இடம்பெயர்ந்து எங்களிடம் வந்தவள். நோயாளியைத் தடவிக்கொடுக்கத் தெரியாது. வேலை தெரியும்.

சூசையம்மாவின் மகள் றஞ்சனிக்கு ஷெல் துண்டு பட்டு மேல் அண்ணத்தில் ஓட்டை. குடிப்பதெல்லாம் மூக்கால் வந்தது. உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. ஓட்டையை மூடும் தகடு செய்ய அச்சு வேண்டும். மெழுகில் எடுத்தால் பள்ளத்துக்குள் இறுகி வெளியே வராது. அல்ஜினேற் வளைந்து கழன்று வரும். அந்தப் பொடி வன்னிக்குள் வருவது அருமை. டின்னில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

"கிணத்துத் தண்ணி அள்ளுங்கோ," என்றேன். "வாயில வைச்சுத் துப்புறதுதானே."

பசை மூக்குக்குள் ஏறாதபடி ஓட்டைக்குள் நூல் கட்டிய துணித்துண்டை அடைத்தோம். விமலேஸ்வரி பொடியைக் குழைத்துத் தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்தினாள். நான் தலையை முன்னால் சாய்த்துப் பிடித்தேன். றஞ்சனிக்கு ஓங்காளம் வந்தது. கை என் மணிக்கட்டை நெரித்தது.

"அசையாத. இப்ப இழுத்தா கிழிஞ்சிடும். பிறகு குழைக்கப் பொடி இல்லை," என்றாள் விமலேஸ்வரி.

"மாதாவே," என்றார் சூசையம்மா.

"மாதாவைப் பிறகு கூப்பிடுங்கோ. துவாயைப் பிடியுங்கோ."

றஞ்சனியின் கண்ணால் நீர் வழிந்தது. எச்சில் என் சீலையில் வடிந்தது. கிண்ணத்தில் மிஞ்சியதை விரலால் குத்திப் பார்த்தபடி நின்ற விமலேஸ்வரி, அது விரலில் ஒட்டாமல் திரும்ப எழும்பியதும் தட்டை ஒரே இழுப்பில் எடுத்தாள். கிழியவில்லை. காய்ந்தால் சுருங்கிவிடும் என்று, றஞ்சனியின் வாயைத் துடைக்கவும் நிற்காமல் அச்சைக் கழுவி, அதற்குள் பிளாஸ்ரர் ஊற்றப் போனாள்.

மறுநாள் காலை தகட்டை மாட்டி ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தோம். மூக்கில் துளி வந்தது. சூசையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். விமலேஸ்வரி தகட்டைக் கழற்றி, பின் ஓரத்தில் தகட்டுப் பசை கொஞ்சம் சேர்த்து, அரத்தால் ராவி, திரும்ப மாட்டினாள். றஞ்சனி குடித்தாள். மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். ஈரமில்லை.

"கஞ்சியைக் குடுங்கோ அம்மா," என்றாள் விமலேஸ்வரி. "சூடில்லாமல்."