பத்து மணிக் கதவு

மலாயாவில் அவசர காலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று எங்கள் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். காலையில் சோதனை போட்டு வெளியே விட்டால், ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம்தான் உள்ளே வரலாம்.

என் மகளுக்கு அப்போது நாலு மாதம். அவள் வேலிக்குள்ளே ஆயாக் கொட்டகையில், நான் வெளியே மரம் சீவிக்கொண்டு. வேலி வருவதற்கு முன்பு பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவேன். இப்போது பத்து மணிக்கு ரவிக்கை நனையும், உள்ளே பிள்ளை கத்துவது கேட்கும், கதவு திறக்காது. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பியைப் பல்லாலேயே கடித்து அறுத்திருப்பேன்.

தேர்தலில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போன உறுப்பினர் டவுனுக்கு வருகிறார் என்றதும், தோட்டப் பள்ளி வாத்தியார் மனு எழுதினார். துரைக்கு எழுதிப் பழகிய கை. ‘தங்கள் பொற்பாதங்களில் விழுந்து’ என்று ஆரம்பித்தது. மனு என்றால் எல்லார் குறையும் அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லயத்தில் சண்டை. ஒழுகும் கூரை, புழுத்த அரிசி, கோயில் மணி என்று வளர்ந்து, என் பிள்ளை மூன்றாம் பக்கத்தின் கடைசியில் போய் ஒண்டிக்கொண்டாள்.

டவுனில் உறுப்பினரைப் பார்த்துவிட்டு வாத்தியார் முகம் தொங்கத் திரும்பி வந்தார்.

“இது செல்லாதாம்மா. சர்க்கார எழுத்துல கேள்வி கேட்டா, எழுத்துல பதில் சொல்லியே ஆகணுமாம். ஆனா கெஞ்சக்கூடாதாம். ஒரே விஷயந்தான் கேக்கணுமாம்.”

“அப்ப கூரைய விடுங்க லா, வாத்தியாரே. கதவ மட்டும் கேளுங்க.”

கூரை ஒழுகியவர்கள் என்னை ஒரு வாரம் முறைத்தார்கள். கேள்வி இரண்டே வரி. பால் கொடுக்கும் தாய்மாருக்கு இந்தத் தோட்டத்து வேலிக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது? திறக்காவிட்டால், யார் உத்தரவு? உறுப்பினர் அதைச் சட்டமன்றத்தில் கொடுத்தார்.

ஒருநாள் சர்க்கார் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கதவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் ஏதோ எழுதி வாங்கினார். மறுநாள் பத்து மணிக்குக் கதவு திறந்தது. பதில் அதற்கப்புறம்தான் வந்தது. உறுப்பினர் அனுப்பிய நகலை வாத்தியார் படித்துக் காட்டினார்: பத்து மணிக்குத் திறக்கிறோம், ஆரம்பம் முதலே அதுதான் வழக்கம்.

ஆரம்பம் முதலாம்! அண்டப் புளுகு. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“கிழிச்சுப் போடுங்க அத!”

“கிழிக்கிறதா? சர்க்காரே எழுதிக் குடுத்துருக்கும்மா. இனிமே எவனாச்சும் மூடுனா, சர்க்கார் பொய் சொன்னதாயிடும். பத்திரமா வச்சுக்க.”

சில வாரம் கழித்துக் கதவுக்குப் புதுக் காவலர் வந்தார். பத்து மணிக்கு நான் போய் நின்றதும் “தா போலே” என்று மலாயில் சொல்லிக் கையை ஆட்டினார், முடியாதாம். ரவிக்கைக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினேன். ஓரமெல்லாம் பாலில் நனைந்திருந்தது. முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாழ்ப்பாளை எடுத்தார்.

ஓடிப்போய் மகளை எடுத்து அணைத்தேன். மூச்சு வாங்க வாங்கக் குடித்துவிட்டு மடியிலேயே தூங்கிப்போனாள். அந்தப் பொய்யை எழுதிய மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.