போதகரின் முட்டி

போதகர் ஆதியில் வாட்டர் ஃபில்டர் விற்றவர். வீடு வீடாகப் போய், ஒரு டம்ளர் கலங்கல் தண்ணீரைக் காட்டி வயிற்றைக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஃபில்டரை வெளியே எடுப்பார். தொழில் மாறியதே தவிர முறை மாறவில்லை. பதினேழு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய சபைக்கு இன்று எட்டாயிரம் இருக்கை, நான்கு மாடி பார்க்கிங்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுகம் பெற்றவர் மேடையேறி, மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். கிழிபடும் சத்தத்துக்கென்றே தனி மைக். ஒவ்வொரு கிழிசலுக்கும் போதகர் ஓரடி உயரம் எம்பிக் குதிப்பார். சுகம் கிடைக்காதவருக்கு விசுவாசம் போதாது என்று அர்த்தம்.

இருபது வருடம் குதித்ததில் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. "உள்ளூர் டாக்டர்கிட்ட போனா மானமே போயிடும்," என்றார் போதகரம்மா. ஆகவே போதகர் தொப்பி, முகக்கவசம் சகிதம் இரண்டு மணி நேரம் காரோட்டி, வெளியூர் எலும்பு டாக்டரிடம் போய்வர ஆரம்பித்தார்.

இரண்டாம் தடவை போனபோது, டோக்கன் கேட்ட குரலிலேயே மாட்டிக்கொண்டார். மூன்று மாதம் முன்பு அவர் மேடையில் மருந்துச் சீட்டைக் கிழித்த தையல் டீச்சர் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. அன்னிலருந்து மாத்திரையே போடலை. இப்ப வலி உயிர் போகுது. எனக்குத்தான் விசுவாசம் பத்தலை. சபையில சொல்லிடாதீங்க."

வலியோடு பழியையும் தானே சுமந்துகொண்டு வந்திருந்தாள், பாவி மனுஷி. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்லவில்லை.

"நீங்க எங்கய்யா இங்க?"

"நோயாளிங்களுக்கு ஜெபம் பண்ண வந்தேம்மா."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். டீச்சர் அதை அறை முழுக்கச் சொல்லிவிட்டாள். கட்டுப்போட்ட கையும் காலுமாக எல்லாரும் அவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் முழங்காலிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஜெபத்தின் உருக்கம் என்று பக்கத்திலிருந்தவரும் அழுதார்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "சார், முட்டியை மடக்கவே கூடாதுன்னு போன தடவை படிச்சுப் படிச்சு சொன்னேனே. எழுந்து வாங்க, உங்க ஊசி ரெடி."

டீச்சர் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ என் விசுவாசத்துல குறை இல்லையாய்யா?"

மேடையில் ஓரடி எம்பிக் குதிப்பவர் தரையில் கையூன்றி எழப் பார்த்தார்.

"கொஞ்சம் கை குடுங்கம்மா," என்றார் கடைசியில். "எழுந்திருக்க முடியலை."