டி. கல்லுப்பட்டியில் நாயகி சாகவில்லை

நிச்சயம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, எனக்கும் மாப்பிள்ளைக்கும் முதல் சண்டை வந்துவிட்டது. நான் அவனியாபுரம், அவர் டி. கல்லுப்பட்டி. இரண்டு ஊரிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நாயகி செத்துப்போகிறாளே என்று செல்போனில் சொன்னேன்.

"சாகலையே. கல்யாணமாகி ஆடுறாளே," என்றார்.

"அழுது அழுது என் துப்பட்டாவே நனைஞ்சுபோச்சுங்க!"

"நீ தூங்கியிருப்ப. கனாக் கண்டு அழுதிருக்க."

ஒரு நாள் முழுக்க நான் போனை எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தேன். அன்றும் அவள் சாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவே வந்து என்னைக் கல்லுப்பட்டிக் கொட்டகைக்கு மேட்னி பார்க்கக் கூட்டிப்போனார். மாப்பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் அத்தைதான் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாயகி கண்ணை மூடப்போகிற நேரம், "இப்பப் பாருங்க!" என்று எட்டிச் சொன்னேன். திரை ஒரு துள்ளுத் துள்ளியது. மாலையும் கழுத்துமாக நாயகி ஆடிக்கொண்டிருந்தாள்! எங்கள் ஊரில் இடைவேளைக்கு முன்னால் வந்த கனவுப் பாட்டு. பாதிப் படத்தில் செத்துப்போன அவளுடைய அப்பாவும் பின்வரிசையில் நின்று கைதட்டினார். செத்தவர் எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகை முழுக்க விசில்.

மூவரும் நேராக ஆபரேட்டர் ரூமுக்கு ஏறினோம்.

"அண்ணே, அந்தப் பொண்ணு செத்துச்சா, இல்லையா?" என்றார் மாப்பிள்ளை.

ஆபரேட்டர் ரீல் சுற்றுவதை நிறுத்தினார். "மொத ரெண்டு நாளு செத்துச்சுப்பா. பொம்பளைங்க அழுதுக்கிட்டே போனாக, திரும்ப ஒருத்தரும் வரல. 'பொழைக்க வச்சிருய்யா'ன்னுட்டாரு முதலாளி. சாவ வெட்டிட்டு, நடுவுல கெடந்த பாட்டத் தூக்கி அங்க ஒட்டிட்டேன்."

வெட்டிய துண்டைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தளவு கட்டம் கட்டமாக அவள் செத்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"படப்பெட்டி திரும்பிப் போறப்ப பழையபடி ஒட்டிருவேன்," என்றார் ஆபரேட்டர்.

"ஏண்ணே, பொழச்ச புள்ளையத் திரும்பவும் சாகடிக்கவா?" அத்தைக்கு நிஜமாகவே கோபம்.

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "அடுத்த வெள்ளிக்கிழம வார படத்துல மாமியாக்காரி ரொம்பக் கொடுமக்காரியாம். எம்புட்டு வெட்டணும்னு நீங்களே வந்து சொல்லுங்க."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணையும் வெட்டாதீக. இவ முழுசாப் பாக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் திருமங்கலம் தாண்டியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர், "எங்ககிட்டயும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல," என்றார். அத்தை நடந்த கதையை முதலிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தார்.