டிரையர் திரையில் நின்றுபோன எண்

1. கருகல் வாடை

பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெக்டரியில் நாங்கள் போட்ட கம்ப்யூட்டர் திரை ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு ஈடு தேயிலை கருகிப்போனது. மெசின் ஹாலுக்குள் நுழையும்போதே வாடை தொண்டையைப் பிடித்தது.

நான் சென்சாரும் வயரிங்கும் பார்ப்பவன். திரையில் தெரிவதெல்லாம் தேவிகாவின் வேலை. கம்போங் ராஜாவில் காய்கறி பயிரிடும் குடும்பத்திலிருந்து வந்தவர். ஈப்போவில் எங்கள் சின்ன கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை. பட்டன், லேபிள், கிராப் என்று திரைக்கு வேண்டிய உறுப்புகளைத் தயாராகத் தரும் டூல்கிட் ஒன்றை வைத்து, டெஸ்க்டாப் அப்ளிகேஷன்கள் எழுதுவார். அந்த டூல்கிட்டில் அவருக்கு இருந்த பழக்கத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

தேயிலை கடைசியாகக் காய்வது டிரையரில். உள்ளே போகும் காற்றின் சூடு ஏறினால் தூள் கருகும், இறங்கினால் ஈரம் நிற்கும். அதுவரை டிரையர் ஆப்பரேட்டர் சிவராஜா, மெசினின் பின்பக்கம் சுற்றிப் போய் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வருவார். நின்ற இடத்திலிருந்தே சூட்டைப் பார்க்கத்தான் எங்கள் திரை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எல்லோரும் துரை என்று கூப்பிடும் தோட்ட மேனேஜர் சிவராஜாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மெசின விட்டுட்டு எங்க போன சிவா?"

"எங்கயும் போகல தொர. இங்கதான் நின்னேன். ஸ்கிரீன்ல தொண்ணுத்தாறு காட்டுச்சி. அத நம்பித்தான் நெருப்ப விட்டேன்."

"தொண்ணுத்தாறுல தூள் இப்பிடிக் கருகுமா? உள்ள தீப் புடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது? நாளைக்கி ஆபீசுக்கு வா."

ஆபீசுக்கு வா என்றால் வேலை போகப்போகிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சிவராஜா கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

தேவிகா நேராகத் திரைக்குப் போனார். தொண்ணூற்றாறு என்ற எண் பெரிதாக, பச்சையாக, அழகாக நின்றது. ஒரு பட்டனை அழுத்தினார். அது அழுந்தவில்லை. மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் ஓடவில்லை.

"மோகன், ஈவென்ட் லூப் நின்னுபோச்சு" என்றார் என்னிடம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு விண்டோ உயிரோடு இருக்க வேண்டுமானால், அதன் பின்னால் ஒரு சுற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மவுஸ் அசைந்ததா, பட்டன் அழுந்தியதா, எதையாவது மறுபடி வரைய வேண்டுமா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் ஈவென்ட் லூப். சென்சாரிடம் சூட்டைக் கேட்கும் வேலையும் அதே சுற்றுக்குள் இருந்தது. அன்று சென்சார் பெட்டி பதில் சொல்லாமல் போகவே, சுற்று அங்கேயே காத்து நின்றுவிட்டது. திரை உறைந்தது. கடைசியாக வந்த எண் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த ஹாலில் இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டிருந்தால் தடயம்கூட இருந்திருக்காது. அதே முதலாளியின் வேறு பெக்டரிகளுக்கும் இந்தத் திரையைப் போடுவது பற்றி அப்போதுதான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

தேவிகா துரையிடம் போனார்.

"சார், இது அண்ணன் தப்பு இல்ல. ஸ்கிரீன் நின்னுபோச்சு. அவரு பாத்தது பழைய நம்பரு. அந்தப் புரோகிராம நான்தான் எழுதுனேன்."

துரை அவர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சிதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார். இன்னிக்கே இத நிப்பாட்டிருவோம். நான் சரி பண்ணிட்டு வரேன். நீங்களும் அண்ணனும் நம்புனா மட்டும் திரும்பப் போடலாம்."

துரை சிவராஜாவிடம் திரும்பி, "சிவா, நீ ஆபீசுக்கு வர வேணாம். பழைய தெர்மாமீட்டர தொடச்சி வையி" என்று சொல்லிவிட்டு நடந்தார். எங்களிடம் போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. நாங்கள் இருந்தோம்.

2. சூடு தெரியல

பெக்டரிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த குவார்ட்டர்ஸில் ஓர் அறை கொடுத்தார்கள். பனி ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கும். தேவிகா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதினார்.

சென்சாரைக் கேட்கும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது பக்கத்திலேயே தனியாக ஓடும் இன்னொரு சுற்றுக்கு மாற்றினார். அந்த த்ரெட் நேரடியாகத் திரையில் எண் காட்டும் லேபிளைத் தொடக்கூடாது, அது டூல்கிட்டின் விதி. அதனால் எண் வந்ததும் விண்டோவுக்கு ஒரு சிக்னல் மட்டும் போகும், எழுதுவதை விண்டோ பார்த்துக்கொள்ளும். இதுவரைக்கும் நல்ல புரோகிராமர் எவரும் செய்துவிடுவார். நான் அசந்துபோனது அவர் அடுத்துச் செய்ததைப் பார்த்துத்தான். ஒவ்வொரு எண்ணோடும் அது வந்த நேரத்தையும் சேர்த்து வைத்தார். எண் பழசாகிவிட்டால் அது திரையில் இருக்கக்கூடாது. முழுத் திரையும் சாம்பல் நிறமாகி, எண்ணுக்குப் பதிலாக ஒரு வாக்கியம் வர வேண்டும்.

'வாசிப்பு இல்லை' என்று முதலில் போட்டிருந்தார். லேப்டாப்பில் அதைப் பார்த்த சிவராஜா நெற்றியைச் சுருக்கினார்.

"வாசிப்புன்னா பொஸ்தகம் படிக்கிற மாதிரி இருக்குலா. சூடு தெரியலன்னு போட்டா போதும்."

"அப்பிடியே போட்டுர்றேன்ணே."

மாற்று ஷிப்டில் நிற்பவர் நேப்பாளி. அவருக்காக நேப்பாள மொழியிலும், கூடவே மலாயிலும் வாக்கியம் போட்டார். ஒவ்வொரு மொழியிலும் நீளம் வேறாக இருந்ததால் பெட்டிக்குள் அடங்காமல் வாக்கியத்தின் வால் வெட்டுப்பட்டது. எழுத்தைச் சின்னதாக்கிவிடலாமே என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. அளவு குறித்து வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் கலைத்துவிட்டு, எழுத்துக்குத் தக்கபடி தானே விரியும் லேஅவுட்டுக்கு முழு விண்டோவையும் மாற்றினார்.

"தூரத்துல நின்னு பாக்கப் போறது நம்ம இல்ல மோகன்" என்றார்.

3. கேபிள்

திரையை மறுபடி மாட்டிய அன்று துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேவிகா எதையும் விளக்கவில்லை. சென்சார் கேபிளைக் காட்டி, "அண்ணே, நீங்களே புடுங்குங்க" என்றார்.

சிவராஜா தயங்கினார். "கெட்டுப்போயிறாதா?"

"கெடட்டும். கெட்டா என்ன சொல்லுதுன்னுதான் பாக்கணும்."

பிடுங்கினார். கண் மூடித் திறப்பதற்குள் எண் மறைந்தது. திரை சாம்பலாகி, 'சூடு தெரியல' என்று காட்டியது. மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சொருகினார், எண் வந்தது. நாங்கள் யாரும் சொல்லாமலே மறுபடியும் பிடுங்கினார், மறுபடியும் சொருகினார். பிறகு பின்பக்கம் போய் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, துரையிடம் திரும்பினார்.

"இது இருக்கட்டும் தொர."

துரை தேவிகாவைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் போன பிறகு சிவராஜா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். தேவிகாவிடம் கிளாஸைக் கொடுக்கும்போது, "அன்னிக்கி நீங்க பேசலன்னா எனக்கு இந்த எடம் இல்லம்மா" என்றார். தேவிகா "சூடா இருக்குண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிளாஸை ஊதிக்கொண்டே இருந்தார்.

மற்ற பெக்டரிகளின் வேலையும் பிறகு எங்களுக்கே வந்தது. இன்றைக்குப் புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் என்னிடம் எந்த டூல்கிட் நல்லது, எந்தத் திரை உறுப்பு அழகு என்று கேட்கிறார்கள். அதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். நான் தேவிகாவிடம் கற்றது இவ்வளவுதான்: திரையில் ஓர் எண்ணைப் போட்டால், அதை நம்பி ஒருவர் நெருப்பின் முன்னால் நிற்கிறார். தெரியாதபோது தெரியாது என்று அந்தத் திரை சொல்ல வேண்டும். திரை சொல்லத் தவறினால், எழுதியவர் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்.